ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் எண்ணெய் அல்ல

கடலில் எண்ணெய்க் கசிவு என்று செய்தி வந்தால் போதும், ஒரு கறுப்பு வெள்ளைச் செயற்கைக்கோள் படம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். அதிலுள்ள கறுப்புத் திட்டு முழுவதும் எண்ணெய்தான் என்று முடிவும் கட்டிவிடுவார்கள். ரேடார் படங்களை ஆராயும் வேலையில் இருப்பதால், "இது உண்மையா?" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. அது புகைப்படமே அல்ல, ரேடார் தானே ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவுசெய்த படம் என்பதைத்தான் முதலில் சொல்வேன். இது எப்படி என்பதற்கு ஒரு பழைய செயற்கைக்கோளே நல்ல உதாரணம்.

1978 ஜூனில் நாசா ஏவிய சீசாட், கடலுக்கென்றே படமெடுக்கும் ரேடாருடன் சென்ற முதல் செயற்கைக்கோள். சுமார் 800 கி.மீ. உயரத்தில் சுற்றியது. அதன் ரேடார் அலைநீளம் 23.5 செ.மீ.; மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. ஆனால் அந்த அலை கடல் நீருக்குள் இறங்காது, மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். சீசாட் பார்த்த கோணத்தில், ஏறக்குறைய 30 செ.மீ. நீளமுள்ள சிற்றலைகள்தான் அதை வலுவாகத் திருப்பி அனுப்பும். சிற்றலை நிறைந்த இடம் வெளுப்பாகவும், இல்லாத இடம் கறுப்பாகவும் படத்தில் விழும்.

எண்ணெய் சிற்றலையை அடக்குகிறது, அதனால் கறுப்பு. சரி. காற்று நின்றுபோனாலும் கறுப்புதானே? தீவின் காற்று மறைவும், மிதவை உயிரிகளிலிருந்து வரும் மெல்லிய படலமும்கூட அப்படித்தான் தெரியும். பலத்த காற்று அடித்தாலோ, உண்மையான எண்ணெயே படத்தில் காணாமல் போகலாம். ஆகவே படம் எடுத்த தேதி, நேரம், அப்போதைய காற்று மூன்றும் தெரியாமல் எதையும் நம்பாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். காற்றை அளக்க சீசாட்டிலேயே தனி ரேடார் இருந்தது. இஸ்ரோ 2009இல் ஏவிய ஓசன்சாட்-2இலும் அதே வகைக் கருவி இருந்தது.

எனக்கு இன்றும் வியப்பு தருவது, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவருகே சீசாட் எடுத்த படங்கள். கடலடி மணல்திட்டுகள் அவற்றில் வரிவரியாகத் தெரிந்தன. ரேடார் தரையைப் பார்த்துவிட்டதாகத் தோன்றும், பார்க்கவில்லை. திட்டுக்கு மேலே ஓடும் நீரோட்டத்தின் வேகம் மாற, மேற்பரப்பில் சிற்றலைகள் ஓரிடத்தில் வலுத்தும் இன்னோரிடத்தில் தளர்ந்தும் போகின்றன. அந்த வேறுபாடுதான் படமாகிறது. நீரோட்டம் அடங்கினால் படத்திலிருந்து திட்டும் மறைந்துவிடும். ஓடும் கப்பல்கூடத் தான் விட்டுச்சென்ற தடத்திலிருந்து விலகி நிற்பதுபோல விழும், அதன் வேகம், இடத்தைக் குறிக்கும் ரேடாரின் கணக்கை மாற்றுவதால்.

ஏவிய அதே ஆண்டு அக்டோபரில், சுமார் 105 நாளில் சீசாட் நின்றுபோனது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடித்துவிட்டதால் ராணுவமே அணைத்துவிட்டது என்றொரு கதை அப்புறம் கிளம்பியது. விசாரணையில் தெரிந்த காரணம் மின் அமைப்பில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட். மொத்தம் 42 மணி நேர ரேடார் பதிவுகளே மிஞ்சின. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் மையம் 2013இல் அவற்றை டிஜிட்டல் படங்களாக்கி வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம்.