வெங்காயத் தாள் சாஞ்சா கண்ணூறோ?

போன கிழமை கோண்டாவில்ல இருந்து ஒரு அக்கா வட்ஸ்அப்பில படம் ஒண்டு அனுப்பியிருந்தா. வளவுக்குள்ள ரெண்டு பாத்தி சின்ன வெங்காயம், நட்டு ரெண்டு மாசம் தாண்டிட்டுதாம், நிமிர்ந்து நிண்ட தாளெல்லாம் மூண்டு நாளுக்குள்ள பச்சையாவே சாஞ்சு போச்சாம். பக்கத்து வீட்டு ஆச்சி இது கண்ணூறு, வெருளி கட்டு எண்டு சொல்றாவாம். "மருந்து அடிக்கோணுமோ தம்பி?"

ஒண்டும் வேண்டாம் அக்கா, வெங்காயம் முத்திட்டுது, கடகத்தை எடுங்கோ.

நடுகிற கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான், செம்மண்ணைக் கொத்தி மாட்டெரு போட்டு, கிழங்கை நாலு விரல் இடைவெளியில ஊண்டித் தண்ணி விட்டாக் காணும். கிழங்கைக் குறுக்க வெட்டினா உள்ள ரெண்டு மூண்டு கண் தெரியும், ஒவ்வொரு கண்ணும் ஒரு செடி, அதாலதான் ஒண்டை ஊண்ட ஒரு குலையே வருது. ஆனா எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிறது கிழங்குக்கு மேல தாள் தொடங்கிற அந்தக் கழுத்துத்தான்.

வெங்காயத்தின்ர உண்மையான தண்டு வேருக்கு மேல இருக்கிற அந்தச் சின்னத் தட்டு மட்டும்தான். கழுத்து எண்டு நாங்க பிடிக்கிறது இலையளின்ர அடி மடல், ஒண்டுக்குள்ள ஒண்டு, அப்பிடியே வாழைக்குத்தி மாதிரி. புது இலை ஒவ்வொண்டும் பழைய மடலுக்கு உள்ளால நுழைஞ்சு மேல வருது, அப்ப கழுத்துக்குள்ள எப்பவும் ஏதோ ஒண்டு நிறைஞ்சிருக்கும், அந்த நிறைவிலதான் தாள் நிமிர்ந்து நிக்குது. கிழங்கு வைக்கிற நேரம் வந்த உடன உள்ளுக்குள்ள பிறக்கிற இலையள் பச்சைத் தாள் விடுறதை நிப்பாட்டிப் போடும். வெறும் மடல்தான், மேல வராது, கீழேயே இருந்து சீனியைச் சேத்துக்கொண்டு கலங்கள் ஊதி ஊதித் தடிக்கும். நாங்க உரிச்சுத் தின்னுற நடு மடலுக்கெல்லாம் ஒரு காலமும் தாள் இருந்ததில்லை! இப்ப யோசிச்சுப் பாருங்கோ, உள்ளால ஒண்டும் வரேல்ல, கழுத்து வெறும் குழாய், மேல தாள் பாரம். விழாம என்ன செய்யும்?

இந்த நேரத்தைச் செடிக்குச் சொல்றது பகல் நீளம். இலைதான் அதை அளக்கிறது. 2013ல நியூசிலாந்து ஆய்வாளர்கள் இதுக்குப் பின்னால இருக்கிற மரபணுவைக் காட்டிச்சினம், மற்றச் செடியளில பூக்கச் சொல்ற அதே குடும்பத்து மரபணுதான் இஞ்ச கிழங்கு வை எண்டு சொல்லுது. எங்கட மாமி லண்டனில இருந்து கொண்டு வந்த பெரிய வெங்காய விதையை நான் ஆசையா நட்டு, கடைசியில தாள் மட்டும் சுண்டித் தின்டது இதாலதான், அந்த இனங்களுக்கு 14 மணித்தியாலத்துக்கு மேல பகல் வேணும், யாழ்ப்பாணத்தில ஆனி மாசத்திலயே 12 மணி 40 நிமிசம்தான்.

எல்லாம் ஒரே கிழமையில சாயிறதிலயும் மாயமில்லை. கிழங்கில இருந்து வந்ததெல்லாம் ஒரே செடியின்ர நகல். அதில ஒரு கெடுதியும் இருக்கு, நோய் ஒண்டுக்குப் பிடிச்சா எல்லாத்துக்கும் பிடிக்கும். தாள் முறுகிச் சுருண்டு, கழுத்து நீண்டு, வெள்ளையாக் குழிஞ்ச புள்ளி இருந்தா அது பங்கசு நோய், சாயிறது வேற இது வேற. இதைத் தாங்கிற இனம் ஒண்டைத் தேட, எங்கட ஊர்த் திருவிழாவில வெடிக்குப் போற காசில கால்வாசி வந்தாலும் நான் சந்தோசப்படுவன், கண்ணூறு கழிக்கிற சனம் இதுக்கு ஒரு சதம் தராது.

சரி அக்கா, கழுத்தை ரெண்டு விரலால நசுக்குங்கோ. மெத்தெண்டு அமுங்கினா முத்திட்டுது. பாதிக்கு மேல சாஞ்ச உடன தண்ணியை நிப்பாட்டி, ஒரு கிழமையால இழுத்து, தாளோடயே நிழலில காயவிட்டுப் பிடி கட்டித் தூக்குங்கோ. தாளை முதலே வெட்டாதேங்கோ, கழுத்து காய்ஞ்சு ஒட்டினாத்தான் கிழங்குக்கு மூடி, ஈரமா வெட்டினா அழுகல் அந்த வழியாலதான் உள்ள போகும். ரெண்டொண்டு சாயாமத் தடிச்ச கழுத்தோட நிக்கும், நடுவில பூத்தண்டு இருக்கும், அது வைக்க உதவாது, அண்டைக்கே சம்பலுக்குப் போடுங்கோ.