ஸ்ரான்லிக்குச் சிகிரியா வேண்டாம், அம்மம்மாவின் கிணற்றடி போதும்

இந்தத் தவணையும் அதே கதைதான். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கல்யாண ஆல்பம் போலப் பளபளக்கும் புத்தகம் ஒன்றோடு வகுப்பின் முன்னால் வந்து நின்றான். பக்கத்துக்குப் பக்கம் காகித ஸ்ரான்லி, அதாவது வகுப்பில் பிள்ளைகள் வரைந்து வெட்டி வேறு ஊருக்குத் தபாலில் அனுப்பும் பொம்மை: சிகிரியாக் குன்றின் அடியில், கண்டி தலதா மாளிகை வாசலில், காலிக் கோட்டை மதிலில். ஒவ்வொரு படத்தின் கீழும் அம்மா தட்டச்சு செய்த ஆங்கில வரிகள். "ஸ்ரான்லி அங்கே என்ன சாப்பிட்டான்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பையன் ஆல்பத்தைப் புரட்டினான், பதில் இல்லை. "உன் அம்மம்மா வீடு எப்படி இருக்கும்?" என்று இன்னொருத்தி கேட்டாள். அதுவும் இல்லை. அம்மம்மா இருப்பது யாழ்ப்பாணத்தில். ஆல்பத்தில் யாழ்ப்பாணமே இல்லை.

விசாரித்தால், ஊரில் இருக்கும் மாமா ஒருவர் வாகனம் பிடித்து, வேலைக்கு லீவு போட்டு, தெற்கு வரை போய் எடுத்த படங்களாம். "எங்கட ஊரில் காட்ட என்ன ரீச்சர் இருக்கு?" என்கிறார் தாய். ஒன்ராறியோவில் ஆரம்ப வகுப்புகளுக்குக் கற்பிக்கும் எனக்கு, தமிழ்ப் பெற்றோரிடமிருந்து இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

முதலில், இந்த ஸ்ரான்லி வேலை எதற்காகத் தொடங்கியது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜெஃப் பிரவுன் 1964இல் எழுதிய சிறுவர் கதையில், அறிவிப்புப் பலகை விழுந்து தட்டையாகிப்போகும் ஸ்ரான்லி என்ற சிறுவனை உறையில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். இதே ஒன்ராறியோவின் லண்டன் நகரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியராக இருந்த டேல் ஹூபர்ட், 1995இல் அதை ஒரு வகுப்புச் செயற்பாடாக்கினார். பிள்ளைகள் காகித ஸ்ரான்லியைச் செய்து வேறு ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே அவனை வரவேற்பவர்கள், அவன் தங்களோடு கழித்த நாட்களை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கடிதம் எழுதப் பழகுவதற்கென்று பிறந்த வேலை இது. படப்போட்டி அல்ல. இதற்குப் பரிசு கிடையாது. எத்தனை புகழ்பெற்ற இடங்கள் என்று எண்ணி நான் புள்ளி போடுவதும் இல்லை.

இங்கே இரண்டாம் வகுப்புச் சமூகக்கல்வியில் உலகச் சமூகங்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஓர் இடத்தின் காலநிலையும் நிலமும் அங்குள்ளவர்களின் உணவையும் வீட்டையும் தொழிலையும் எப்படி வடிவமைக்கின்றன என்பதே அதன் சாரம். சிகிரியாவின் முன்னால் நிற்கும் ஸ்ரான்லி இதில் எதற்கு விடை சொல்வான்? அங்கே யாரும் காலையில் எழுந்து முற்றம் கூட்டுவதில்லை. அந்தப் படம் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அதற்காகத் தபால் முத்திரை ஒட்டவேண்டியதில்லை. அம்மம்மா வீட்டுக் கிணற்றடியின் படம் உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது.

காட்ட ஒன்றுமில்லை என்கிறீர்களே, அந்தக் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அந்த நீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் நீர் உள்ளே ஏறி, கிணறு உவர்த்துவிடும். பெரிய ஏரிக்கரையில் வளர்ந்து, குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்று மட்டும் அறிந்த ரொறன்ரோப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! கிணற்றுக்கட்டில் ஸ்ரான்லியை நிறுத்தி, பழைய துலா இருந்தால் அதையும் சேர்த்து ஒரு படம். "முன்பு இதில் இறைத்தோம், இப்போது மோட்டார் போட்டிருக்கிறோம்" என்று அம்மம்மாவின் கையெழுத்தில் இரண்டு வரி. ஒரு முழுப் பாடவேளைக்கு அது போதும்.

பனையும் அப்படித்தான். பனங்கொட்டையைப் பாத்தி போட்டு, முளைத்த கிழங்கைக் கிண்டியெடுத்து, அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவில் கூழ். பாத்தியின் ஓரத்தில் ஸ்ரான்லி ஒரு படம், கூழ்ச்சட்டியின் அருகில் ஒரு படம். "அங்கே ஏன் கோதுமை விளைவிப்பதில்லை?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது.

அம்மம்மா தமிழில்தான் எழுதட்டும். நீங்கள் உடனே மொழிபெயர்த்து, தட்டச்சு செய்து, மூலக் கடிதத்தை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். அவன் தன் வார்த்தையில் வகுப்புக்குச் சொல்லட்டும், திக்கித் திணறினாலும் பரவாயில்லை. ஸ்ரான்லியை வரைவதும் அவன்தான், அனுப்பும் கேள்விகளை எழுதுவதும் அவன்தான். கோணல்மாணலாக நிறம் தீட்டியிருக்கிறான் என்று அப்பா இரவோடிரவாகப் புதிதாக வெட்டிய பொம்மையை எனக்குப் பார்த்தவுடனே தெரியும். கணினியில் ஸ்ரான்லியை ஈஃபில் கோபுரத்தின் மேல் ஒட்டி அனுப்புகிறவர்களை என்ன சொல்வது? போகாத இடத்துக்குப் போனதாகச் சொல்லப் பிள்ளைக்குப் பழக்குகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

இனி எச்சரிக்கைகள். பொம்மையின் முதுகில் பிள்ளையின் முழுப்பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதவே கூடாது. முதற்பெயர் போதும், திரும்பி வரவேண்டிய முகவரியாகப் பாடசாலை முகவரியை உறையில் எழுதுங்கள். ஸ்ரான்லியோடு உங்கள் பிள்ளை நிற்கும் படத்தைப் பாடசாலைப் பெயர் தெரிய முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போடாதீர்கள். ஊரில் அயல்வீட்டுப் பிள்ளைகளைப் படம் எடுத்தால் அவர்களின் பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. பாசத்தில் ஊர் மண்ணையும் விதைகளையும் உறைக்குள் போட்டு அனுப்புகிறார்கள். மண்ணை அனுமதியில்லாமல் கனடாவுக்குள் கொண்டுவர முடியாது, விதைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இங்கிருந்து அனுப்பும்போது பொம்மையை அட்டையில் ஒட்டித் தடிப்பாக்கவும் வேண்டாம். உறை 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் சாதாரணக் கடிதக் கட்டணத்தில் போகாது.

தபால் தாமதமாகிறதே, தொலைந்துவிட்டதே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டு வருகிறார்கள். எதற்கு மன்னிப்பு? பிள்ளை இன்னொரு ஸ்ரான்லியை வரைந்துகொள்ளலாம். கேள்விகளைத் தொலைபேசியில் அம்மம்மாவிடம் அவனே கேட்டு, பதில்களைத் தன் கையால் எழுதிக்கொண்டு வரட்டும். அழைக்குமுன் அங்கே என்ன நேரம் என்றும் அவனே கணக்குப் போடட்டும். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் காலை எட்டு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மாலை ஆறரை. கோடையில் ஐந்தரை, ஏனென்றால் மணிக்கூட்டை மாற்றுவது நாம்தான், அவர்கள் இல்லை.