கொடிப்பந்தலின் நிழல் ஏன் குளிர்கிறது?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளின் சமூகத் தோட்டங்களில் புடலையும் அவரையும் அடர்ந்து படர்ந்த பந்தலின்கீழ் நண்பகலில் நின்றவர், பக்கத்திலுள்ள தகரக் கூரைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் வெக்கை கூடுவதை உணர்வார். பக்கங்கள் திறந்திருந்தால் இரண்டு இடங்களிலும் காற்றின் வெப்பநிலை பெரிதாக வேறுபடுவதில்லை. வெக்கை, தலைக்கு மேலுள்ள கூரையின் அடிப்பரப்பிலிருந்து இறங்குகிறது.

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. வெயிலில் 60 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்த, வண்ணம் பூசிய தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 650 வாட் வெளியிடும். 33 டிகிரியில் இருக்கும் இலையோ சுமார் 480 வாட்தான். நம் தோலும் ஏறக்குறைய அதே அளவை வெளியிடுவதால், இலைக்கூரைக்கும் உடலுக்கும் இடையிலான வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன.

இலை ஏன் தகட்டைப்போலச் சூடேறுவதில்லை? வேர் உறிஞ்சிய நீரை அது இலைத்துளைகள் வழியே ஆவியாக்குகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். சிங்கப்பூரின் ஈரப்பதம் மிகுந்த காற்றில் இந்த ஆவியாதல் மெதுவாகவே நடக்கும், ஆனால் வெயில்பட்ட இலையின் உட்புறத்தில் நீராவியின் அழுத்தம் வெளியிலுள்ளதைவிட மிகுதியாக இருப்பதால் அது நின்றுவிடுவதில்லை. வெயிலில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளிக்கு அடுத்துள்ள அண்மை அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியை இலை உறிஞ்சாமல் எதிரொளிக்கவோ ஊடுருவ விடவோ செய்கிறது. இலைகள் சிறியனவாக இருந்தால் அவற்றைத் தழுவும் காற்றும் வெப்பத்தை எளிதில் அள்ளிச் செல்கிறது. வேரில் நீர் வற்றினால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இலையும் சூடேறும். எனவே பந்தலுக்கு நீர் பாய்ச்சுவதை நிழலைப் பராமரிக்கும் வேலையாகவே நான் கருதுகிறேன்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 டிகிரியில் இருக்கும் சிங்கப்பூரில், ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 65 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே உச்சி வெயிலைத் தடுப்பதில் சுவரைவிடக் கூரைக்கே பங்கு பெரிது. பக்கங்களைத் திறந்து விட்டால், வியர்வையை உலர்த்தும் காற்று தடையின்றி வரும். பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 1930இல் எழுப்பப்பட்ட எண்கோண இசைமேடையும் சுவரில்லாமல் கூரையோடு நிற்கிறது.

வெறும் கொடிப்பந்தல் மழையைத் தடுக்காது. மழைக்கும் ஒதுங்க வேண்டிய இடத்தில், தகட்டுக்குச் சற்று மேலே காற்றோட்ட இடைவெளி விட்டுக் கம்பிச் சட்டத்தில் கொடியை ஏற்றலாம். தகட்டின்மேல் நேரடி வெயில் படாது. ஆனால் மழையில் நனைந்த கொடியின் எடையைத் தாங்கும் வலு அந்தச் சட்டத்துக்கு இருக்க வேண்டும்.