செங்டுவில் உதடு ஏன் நடுங்குகிறது?

வேலை நிமித்தம் சீனாவின் செங்டு நகருக்குப் போகிறவருக்கு, பகல் கூட்டம் எப்படி முடிந்தாலும், இரவு ஹாட்பாட் விருந்து அநேகமாகத் தப்பாது. மேசை நடுவே மாட்டுக்கொழுப்பில் காய்ந்த மிளகாயும் ஹுவாஜியாவும் தளதளவென்று கொதிக்கும். பச்சை இறைச்சியையும் கீரையையும் நாமே முக்கி எடுத்துச் சாப்பிட வேண்டும். முதல் வாயில் வெறும் காரம்தான். சற்றுக் கழித்து உதடு விறுவிறுக்கும். பிறகு மரத்துப்போய், இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

இந்த வேலையைச் செய்வது ஹுவாஜியாவ். சிச்சுவான் மிளகு என்று பெயரே தவிர, நம் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பம் அது. கொங்கணி மீன் குழம்பில் போடும் தெப்பல் அதன் ஒன்றுவிட்ட தம்பி. உள்ளிருக்கும் கறுப்பு விதை பல்லில் மணலாய் நெறுநெறுக்கும் என்பதால் அதை எறிந்துவிட்டு, வெடித்த சிவப்புத் தோலை மட்டும் சமைக்கிறார்கள்.

சூட்சுமம் அந்தத் தோலிலுள்ள சான்ஷூல் என்ற வேதிப்பொருளில் இருக்கிறது. அது சீண்டுவது சுவையை அல்ல, தொடு உணர்வு நரம்புகளை. 2013இல் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் உதட்டில் இந்த மிளகைத் தடவி, விரலில் அதிர்வுக் கருவியை வைத்து, இரண்டையும் ஒப்பிடச் சொன்னார்கள். கருவி நொடிக்குச் சுமார் 50 முறை அதிர்ந்தபோது இரண்டும் ஒத்துப்போயின. உதடோ அசையவே இல்லை!

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சொல்வது வேறு பொய். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசில் விழிக்க வேண்டிய வெப்ப உணரியை அது சூடில்லாமலேயே எழுப்பிவிடுகிறது. பீர் குடித்து அணைக்கப் பார்ப்பது வீண்; ஆல்கஹாலும் அதே உணரியைக் குறைந்த சூட்டிலேயே உசுப்புகிறது. தண்ணீரில் கேப்சைசின் கரையாது, எண்ணெயில் கரையும். உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தில் நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும் வைத்துக்கொண்டு, எடுத்த துண்டை அதில் புரட்டித் தின்கிறார்கள். ஒட்டிய காரத்தில் கொஞ்சம் கிண்ணத்திலேயே தங்கிவிடுகிறது, சூடும் தணிகிறது.

மறுநாள் காலை கூட்டத்தில் பேச வேண்டியவர் கீரையைச் சிவப்புக் குழம்பில் போடாமலிருப்பது நல்லது; இலை மடிப்பெல்லாம் எண்ணெய் ஏறி வரும். நடுவில் தடுப்பு வைத்த யுவான்யாங் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, கீரையையும் காளானையும் காரமில்லாத பக்கம் தள்ளிவிடலாம். மாட்டின் இரைப்பைத் துண்டுக்கு மட்டும் சிவப்புப் பக்கம்தான் சரி. பதினைந்து நொடி போதும். மேலே போனால் மெல்ல முடியாது.