ஐந்து நானோமீட்டர் இழுபறி

2023 செப்டம்பரில் டெல்லி கர்த்தவ்ய பாதையில் இந்தியன் ஆயிலின் ஹைட்ரஜன் பஸ்ஸுக்குக் கொடியசைத்தார்கள். “தண்ணீரைத்தானே வெளியே விடுகிறது, அதற்குப் பிளாட்டினம் எதற்கு?” என்று கேட்கிறார் ஆர்.கே.புரம் வாசகர் ஒருவர். நல்லவேளை, தண்ணீரில் ஓடும் பஸ் என்று அவர் நினைக்கவில்லை. மூலிகை பெட்ரோலையே நம்பியவர்கள் நாம்.

பஸ்ஸை ஓட்டுவது எரிபொருள் செல், அதாவது ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் பெட்டி. அடிப்படை பள்ளிப் பாடம்தான். ஒரு பக்கம் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் சவ்வு வழியாகவும், எலக்ட்ரான் வெளிச்சுற்று வழியாகவும் மறுபக்கம் சேர்ந்து ஆக்சிஜனை நீராக்குகின்றன. மந்தம் ஆக்சிஜன் பக்கம்தான். அந்த மூலக்கூறின் பிணைப்பை உடைத்து நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் ஏற்ற வேண்டும். 1.23 வோல்ட் தரவேண்டிய செல், ஓடும்போது 0.65 அளவில் நிற்பதற்கு இதுவே முதல் காரணம். இந்த வினையை வேகப்படுத்தும் வினையூக்கிதான் பிளாட்டினம்.

கார்பன் துகள்மேல் 3 நானோமீட்டர் பிளாட்டினம் மணிகள் ஒட்டியிருக்கும். கார்பன் வழியே எலக்ட்ரான் வந்துவிடும், துளைகள் வழியே ஆக்சிஜன் வந்துவிடும். புரோட்டானுக்குத்தான் வழியில்லை, அதற்கு ஈரமான அமிலப் பாதை வேண்டும். சவ்வு செய்யப் பயன்படும் நாஃபியான் என்ற பாலிமரையே கரைசலாக்கிப் பூசினால் அந்தப் பாதை கிடைக்கும். இதுதான் அயனோமர்: டெஃப்லான் போன்ற முதுகெலும்பு, அதில் தொங்கும் சல்ஃபோனிக் அமிலக் கிளைகள். 1980களில் லாஸ் அலமோஸ் ஆய்வகம் இப்படிப் பூசியதும் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் என்றிருந்த பிளாட்டினம் 0.4 ஆகக் குறைந்தது.

ஆனால் புரோட்டானுக்குப் பாதையாகும் அதே பூச்சு, ஆக்சிஜனுக்குச் சுவர். சில நானோமீட்டர்தான் தடிமன். இருந்தும் ஆக்சிஜன் அதில் கரைந்து ஊடுருவ வேண்டும். போதாக்குறைக்கு, சல்ஃபோனேட் முனைகள் பிளாட்டினத்தின் மேலேயே உட்கார்ந்து இடம் பிடிக்கின்றன. பிளாட்டினத்தைக் குறைக்கக் குறைக்க, மிஞ்சிய ஒவ்வொரு மணியும் அதிக ஆக்சிஜனை இழுக்க வேண்டியிருப்பதால் சுவரின் தடை இன்னும் பெரிதாகத் தெரியும். இதற்கொரு அழகான தந்திரம் உண்டு. 4 முதல் 7 நானோமீட்டர் அகலத் துளைகளுள்ள கார்பனுக்குள் பிளாட்டினத்தை ஒளித்துவைப்பது! அயனோமர் உள்ளே நுழையாது. நீர் நுழையும், அதைப் பிடித்துப் புரோட்டானும் வரும். காற்று வறண்டால் மட்டும் அந்த மணிகள் பட்டினி. 2020இன் இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் இத்தகைய கார்பனையும் ஆக்சிஜனை எளிதில் விடும் அயனோமரையும் சேர்த்தே பயன்படுத்தியது.

இந்தியாவில் நிலை? தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் 19,744 கோடி ரூபாயில் ஆராய்ச்சிக்கு 400 கோடி. இது போதாது என்பேன்.

சரி, அயனோமர் எவ்வளவு சேர்ப்பது? ஆய்வகக் கணக்கு இது: 40 சதவீதப் பிளாட்டினமுள்ள 100 மில்லிகிராம் பிளாட்டினம்-கார்பன் பொடியில் கார்பன் 60. கார்பனின் எடையில் 0.8 பங்கு அயனோமர் என்றால் 48 மில்லிகிராம், அதாவது 5 சதவீதக் கரைசலில் சுமார் 0.96 கிராம். பொடியை முதலில் நீரில் நன்றாக நனைத்துவிட்டுத்தான் ஐசோபுரோப்பனால் ஊற்ற வேண்டும். உலர்பொடியில் ஆல்கஹால் பட்டால் தீப்பிடிக்கும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து மீயொலியில் கலக்கி, சூடான சவ்வின்மேல் தெளிக்க வேண்டும். அயனோமர் மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் மாதிரி: குறைந்தால் புரோட்டான் திணறும், கூடினால் துளைகள் அடைபட்டு நீர் தேங்கி, அதிக மின்னோட்டத்தில் வோல்டேஜ் சரிந்துவிடும்.

டெல்லியில் இன்னொரு தொல்லை, காற்று. தூசியைச் சாதாரண வடிகட்டி பிடித்துவிடும், வாயுக்களைப் பிடிக்காது. நைட்ரஜன் டை ஆக்சைடு பிளாட்டினத்தில் ஒட்டினாலும் சுத்தமான காற்று பட்டால் பெரும்பாலும் விலகிவிடும். சல்ஃபர் டை ஆக்சைடு அவ்வளவு எளிதில் விடாது. அம்மோனியாவோ அயனோமருக்குள் புகுந்து புரோட்டானின் இருக்கையையே பிடுங்கிக்கொள்ளும். ஆகவே காற்று நுழையும் வாயில் ரசாயன வடிகட்டி ஒன்றும் வேண்டும், அதைக் காலாகாலத்தில் மாற்றவும் வேண்டும்.