டாஃபடிலுக்குப் பூத்த அன்றே பெயர் எழுதிவிடுங்கள்

தோட்டம் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். வசந்தம் வந்தால் போதும், "இது என்ன டாஃபடில்?" என்று கேட்டுப் படங்கள் வந்து குவியும். பாதிப் பேர் பூவின் முகத்துக்கு நேராகப் படம் எடுத்திருப்பார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் எடுத்து அனுப்பச் சொல்வேன்.

டாஃபடிலுக்கு நிறத்தை விட அளவுதான் முக்கியம். ஆறு இதழ், நடுவில் ஒரு கிண்ணம். ஓர் இதழைக் கிள்ளி, கிண்ணத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். தண்டுக்கு ஒரே பூவாக நின்று, கிண்ணம் இதழுக்குச் சமமாகவோ நீளமாகவோ இருந்தால் டிரம்பெட். இதழில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி, முழு நீளத்தை எட்டாவிட்டால் பெருங்கிண்ணம். மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் சிறுகிண்ணம். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி வகுத்த 13 பிரிவுகளில் முதல் மூன்று இவைதான்.

நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். 'மவுண்ட் ஹூட்' என்ற ரகம் வெளிர்மஞ்சளாக விரிந்து, போகப்போகத் தந்த வெள்ளையாகிவிடும். பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரிய மஞ்சள் டிரம்பெட் எதுவானாலும் 'கிங் ஆல்ஃபிரட்' என்று விற்றுவிடுகிறார்கள்.

ஒரே தண்டில் கொத்தாகப் பூத்து வாசம் தூக்கினால் டாசெட்டாவாக இருக்கலாம். இதழெல்லாம் பின்னால் வாரிவிட்டது போல இருந்தால் சைக்ளமினியஸ். எனக்குப் பிடித்தது பொயட்டிகஸ்: வெள்ளை இதழ், நடுவில் சிவப்பு விளிம்பு கட்டிய குட்டித் தட்டு. மற்றவை ஓய்ந்த பிறகு சாவகாசமாகப் பூக்கும்.

இவ்வளவு அடையாளமும் பூ இருக்கும்வரைதான். பூவும் இலையும் போய்விட்டால் மிஞ்சுவது வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு. ஒருமுறை வாடிக்கையாளர் வீட்டில் கிழங்குகளைத் தோண்டி, வலைப்பையில் போட்டு, பெயர்கூட எழுதாமல் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். தப்பு என்னுடையதுதான். அந்த வீட்டம்மா நறுக்கவே ஆரம்பித்துவிட்டார். வெங்காய வாசமே இல்லையே என்று சந்தேகப்பட்டு எனக்குப் போன் செய்ததால் தப்பித்தார்கள்.

டாஃபடிலில் லைக்கோரின் என்ற நச்சு இருக்கிறது, கிழங்கில் அதிகம். தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். சமைத்துச் சாப்பிட்டவர்களும் அவதிப்பட்டிருக்கிறார்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நாய் தின்றாலும் ஆபத்துதான். தண்டின் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், அதனால் கையுறை போட்டு வெட்டுங்கள். வெட்டிய பூவைச் சில மணி நேரமாவது தனித் தண்ணீரில் வைத்துவிட்டுப் பிறகு மற்றப் பூக்களோடு சேருங்கள். இல்லையென்றால் அந்தப் பால் டியூலிப்பைச் சீக்கிரம் வாட்டிவிடும். சேர்க்கும்போது தண்டை மறுபடி நறுக்காதீர்கள், பால் திரும்பவும் கசியும்.

பூ உதிர்ந்ததும் இலையை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாட்டைக் கிழங்குக்குச் சேர்ப்பதே அந்த இலைதான். ஆறு வாரமாவது விடுங்கள், முடிச்சும் போடாதீர்கள்.

அட்டையில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெயிலில் வெளிறிவிடும். முதலில் பிரிவு எண், பிறகு இதழ் நிறம், கடைசியில் கிண்ண நிறம்: "2, மஞ்சள்–ஆரஞ்சு". ரகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கிழங்கைத் தோண்டும்போது அந்த அட்டையையும் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பையைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.