குறைந்த ஹார்மோனை ஏற்றினால் இதயம் தேறிவிடுமா?

அந்த அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம் பக்கம். இதயச் செயலிழப்புக்கு, அதாவது இதயம் தளர்ந்து ரத்தத்தைச் சரியாகப் பம்பு செய்யாததற்கு, 2 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். பாளையங்கோட்டையில் என்னைப் பார்க்க வந்த அன்று கணுக்காலை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. சட்டைப்பையிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினார். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைவு.

"கொறைஞ்சதை ஊசி போட்டு ஏத்திட்டா தெம்பு வந்துரும்லா, டாக்டரய்யா?"

நியாயமான கேள்வி. இதயம் தளர்ந்தவர்களில் பலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டு சுரக்கும் டி3 ஹார்மோனும் குறைந்துதான் இருக்கும். ஆனால் அந்தக் குறைவு நோயைக் கூட்டுகிறதா, இல்லை நோயின் விளைவுதானா? போட்டுப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

1996-இல் இத்தாலியில் 7 நோயாளிகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தார்கள். இதயச் சுவர் தடித்தது, பம்பு செய்யும் வலுவும் கூடியது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. 1998-இல் ஜெர்மனியில் 50 பேரை வைத்து, ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத ஊசி போட்டு ஒப்பிட்டார்கள். மருந்து போட்டவர்களுக்கு இதயத் தசை கூடியது. ஆனால் ஆள் தேறவில்லை. தோலில் பூசும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லை 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் சோதித்த ஆய்வு 2023-இல் வந்தது. மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் மருந்தில்லாத ஜெல் பூசியவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. ஏற்கெனவே தளர்ந்த இதயம் இதைத் தாங்குமா? ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தைராய்டு சுரப்பியே பழுதாகியிருந்தால் கதை வேறு. அதற்கு மாத்திரை கட்டாயம் வேண்டும். அதனால் இதயச் செயலிழப்பு உள்ள எல்லோரும் ஒரு முறையாவது டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 6 மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

உங்களை மருந்துச் சோதனையில் சேரக் கூப்பிட்டால் பயப்படவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, தமிழில் ஒப்புதல் படிவம் தருவார்களா என்று கேளுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

சரி, அண்ணாச்சிக்கு வருவோம். தைராய்டு சரியாக இருந்தது. அப்புறம் மெல்ல விசாரித்தேன். பஸ்ஸில் வரும் நாளெல்லாம் உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையை விட்டுவிடுகிறாராம். வழியில் ஒதுங்க இடமில்லை, பாவம். மகள் வீட்டுக்கும் சந்தைக்கும் என்று வாரத்தில் 3 நாள் பஸ் பயணம்.

"பஸ் ஏறுத நாள்ல மாத்திரையை விட்டுராதீங்க அண்ணாச்சி. வீடு வந்து சேர்ந்ததும் போட்டுக்கோங்க" என்றேன்.

அடுத்த வாரம் எடை 3 கிலோ இறங்கியிருந்தது. கணுக்காலில் குழி விழவில்லை.